மனப்பாடக் கட்டுரைகளை மூடி வையுங்கள், சிஸ்டர்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குக் கடலூர் முதுநகர், வயது 27. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. நர்ஸிங் முடித்துவிட்டு நான்கு வருடமாகப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். பிரிட்டன் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5 வந்தது. கோச்சிங் சென்டரில் கொடுத்த 40 கட்டுரைகளையும் மனப்பாடம் செய்தேன். ஆஃப் கிடைத்த நாளெல்லாம் மாதிரித் தேர்வு எழுதினேன். மறுபடி தேர்வு எழுதியும் ரைட்டிங் அதே 5.5. 'ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுது, சுலபம்' என்று கூட வேலை செய்யும் கேரளா சிஸ்டர்கள் சொல்கிறார்கள். இரண்டு மாதத்தில் இன்டர்வியூ, அதற்குள் ஸ்கோர் வேண்டும் என்கிறார் ஏஜென்ட். பணம் கொடுத்தால் தேர்வு எழுதாமலே சர்டிஃபிகேட் வாங்கித் தர ஆள் இருப்பதாக என் அண்ணனிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இதெல்லாம் வராதா மேடம்? நான் எழுதிய கட்டுரை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சிஸ்டருக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும். தமிழ் வழியில் படித்ததுதான் தடை என்றால் லிசனிங்கிலும் ரீடிங்கிலும் உங்களுக்கு 6.5 வந்திருக்காது. அந்த இரண்டு பிரிவிலும் 40 கேள்விக்கு ஏறத்தாழ 30 சரியாக இருந்தால், பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்யக் கேட்கும் 7 வந்துவிடும். நீங்கள் அதற்கு ஒன்றிரண்டு, மிஞ்சினால் நான்கு கேள்வி தள்ளி நிற்கிறீர்கள். அவ்வளவுதான் தூரம். ஸ்பீக்கிங் கொஞ்சம் கூடுதல் வேலை கேட்கும். உண்மையான சிக்கல் ரைட்டிங்கில் இருக்கிறது. அதற்கும் நீங்கள் தமிழ் வழியில் படித்ததற்கும் சம்பந்தம் குறைவு, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைக்குத்தான் சம்பந்தம் அதிகம்.

முதியவர்களைக் குடும்பத்தில் வைத்துப் பார்ப்பது நல்லதா, இல்லத்தில் சேர்ப்பது நல்லதா என்று நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் பத்தி உங்களுடையது அல்ல. உலகமயமாக்கல், நவீன யுகம், நாணயத்தின் இரு பக்கங்கள் என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி யாரோ தயாரித்து வைத்தது. மூன்றாவது பத்திக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படுக்கையிலேயே இருக்கும் பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வேலைக்குப் போகும் மருமகளால் அது முடியாது, முடியாததால் முதுகில் புண் வருகிறது, அதற்காக அவளைக் குறை சொல்வது நியாயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இலக்கணத் தவறுகள் இருக்கின்றன. இருந்தாலும் அது ஒரு வாதம். வார்டில் நின்று பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். கட்டுரையில் மதிப்பெண் சம்பாதித்தது அந்தப் பத்திதான், அலங்காரமான முதல் பத்தி அல்ல.

ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கை நான்கு விஷயங்களை வைத்துச் சம எடையில் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறீர்களா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். மனப்பாட வரிகளை அடையாளம் காண மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி உண்டு. போதாக்குறைக்கு, பளபளவென்று ஒரு மனப்பாட வரியும் அதை அடுத்து நீங்களே எழுதிய தடுமாறும் வரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தவறு இரண்டு மடங்காகக் கண்ணில் படும். அந்த 40 கட்டுரைகளை மூடி வையுங்கள். பணம் கொடுத்து வாங்கியவை என்று மனம் கேட்காது, தெரியும். பரவாயில்லை, மூடி வையுங்கள்.

அப்புறம் மாதிரித் தேர்வுகள். காய்ச்சல்காரருக்கு மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இறங்காது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஃப் நாளெல்லாம் மாதிரித் தேர்வு எழுதிய நீங்கள், அவற்றைத் திருத்திப் பார்க்க எத்தனை மணி நேரம் செலவழித்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இனி இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு போதும். நடுவில் இருக்கும் நாட்கள் கற்றுக்கொள்வதற்கு.

உங்கள் கட்டுரையில் நான் அடிக்கோடிட்ட தவறுகளை அலசினால் பெரும்பாலும் மூன்றே வகைதான். ஒன்று, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'எ', 'ஆன்', 'தி' விட்டுப்போவது. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் கை தானாகவே தாண்டிப் போய்விடுகிறது. இரண்டு, ஒருமைக்கும் பன்மைக்கும் ஏற்றபடி வினைச்சொல்லில் சேர வேண்டிய 'எஸ்'. மூன்றாவதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து, வார்டுக்கு வந்து, கையெழுத்துப் போட்டேன்' என்று அத்தனை வேலையையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிடலாம், நன்றாகவும் இருக்கும். அதே ஓட்டத்தில் ஆங்கிலத்தில் கமா போட்டுப் போட்டு நீட்டினால் வாக்கியம் உடைந்துவிடும். உங்கள் கட்டுரையில் ஒரு வாக்கியம் ஐந்து வரி போகிறது, உள்ளே நான்கு முழு வாக்கியங்கள் இருக்கின்றன. முற்றுப்புள்ளி வைக்கப் பழகுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அதிகம் போனால் இரண்டு. குட்டி வாக்கியம் எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பிழையில்லாத வாக்கியங்கள் எத்தனை என்பதும் கணக்கில் வருகிறது.

ஒரு சிறிய நோட்டில் இந்த மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். எதை எழுதி முடித்தாலும் கடைசி ஐந்து நிமிடம் இந்த மூன்றை மட்டும் தேடுங்கள். பொதுவாக 'பிழை இருக்கிறதா' என்று படித்தால் எதுவும் கண்ணில் படாது. முதல் தடவை 'எ, ஆன், தி' மட்டும். இரண்டாம் தடவை 'எஸ்' மட்டும். மூன்றாம் தடவை முற்றுப்புள்ளி. ஒரு வகைத் தவறு ஓய்ந்ததும் அதை அடித்துவிட்டு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, ஐஇஎல்டிஎஸ்ஸா ஓஇடியா?

ஓஇடி சுலபம் என்று உங்கள் தோழிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்பார்க்கிற ஆங்கிலத்தின் தரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நர்ஸ்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500க்கு 350. ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 300. இரண்டு முறை எழுதிய மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டவும் அனுமதி இருக்கிறது. இரண்டு தேர்வுக்கும் நடுவில் 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, எந்தப் பிரிவும் கேட்ட அளவிலிருந்து அரைப் படிக்குமேல் இறங்கக் கூடாது. உங்கள் ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6 என்பதால் இப்போது கையில் இருக்கும் ஸ்கோரை இப்படிச் சேர்க்க முடியாது.

ஆனாலும் உங்களுக்கு ஓஇடிதான் என்பது என் தீர்மானமான கருத்து. சுலபம் என்பதால் இல்லை. அங்கே கேட்பது உங்கள் வேலை. ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் விண்வெளி ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிக்கலாமா என்று கேட்டால் முதலில் கருத்தையே தேட வேண்டும், பிறகுதான் ஆங்கிலம். ஓஇடியில் நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கையில் கொடுத்துவிட்டு, இவரை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்கிறார்கள். உங்கள் நான்கு வருட வார்டு அனுபவம் அங்கே உதவிக்கு வரும். அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நர்ஸிங் பதிவுக்கும் ஓஇடி செல்லும். பிரிட்டனில் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது சில வருடங்களுக்கு முன்பிருந்ததைவிட நன்றாகவே குறைந்திருப்பதால், வேறு கதவுகளும் திறந்திருப்பது நல்லது. கட்டணம்தான் சுமை. ஐஇஎல்டிஎஸ்ஸைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். அதனாலேயே தயாராகாமல் போய் உட்காரக் கூடாத தேர்வு இது.

கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு மதிப்பெண் கூடப்போவது அங்கேதான்.

மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், பேனாவைத் தொட முடியாது. மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொற்கள் அளவுக்கு ஒரு கடிதம். நம் ஊர் மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர்தான் எழுதுகிறார். நர்ஸ் இன்னொரு நர்ஸுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் கிடையாது. அதனால் நல்ல அனுபவமுள்ள சிஸ்டர்கள்கூட இந்த இடத்தில் கொடுத்த குறிப்புகளை வரிசையாக வாக்கியமாக்கி வைத்துவிட்டு வருகிறார்கள். அது கடிதம் ஆகாது, குறிப்பின் நகல்தான்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். 68 வயதுப் பெரியவர், மீனவர். சர்க்கரை நோய். இடது காலில் புண்ணோடு வார்டில் சேர்ந்து, ஆறு நாள் கழித்து வீட்டுக்குப் போகிறார். ஆன்டிபயாடிக் மாத்திரை இன்னும் நான்கு நாளுக்கு இருக்கிறது. புண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். புதிதாக இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள், தானே போட்டுக்கொள்ளத் தயங்குகிறார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். மனைவி இல்லை, தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். 2009இல் குடல்வால் அறுவை சிகிச்சை. அப்பாவுக்கு மாரடைப்பு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. சேர்ந்த அன்று காய்ச்சல் 102, மூன்றாம் நாளிலிருந்து இல்லை. கடிதம் யாருக்கு என்றால், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சமூக நர்ஸுக்கு.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக் காலை அவர் வீட்டு வாசலில் நிற்கப்போகும் அந்த நர்ஸாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? எதற்காக வந்திருக்கிறேன் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்: டிரெஸ்ஸிங் மாற்ற, இன்சுலின் போட உதவ. இந்த நோக்கம் தெளிவாக இருக்கிறதா என்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. அடுத்து, டிரெஸ்ஸிங் எத்தனை நாளுக்கு ஒரு தடவை, மாத்திரை எத்தனை நாள் மீதி, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது. 2009 குடல்வால் கதை இந்த வருகைக்கு வேண்டாம். அப்பாவின் மாரடைப்பும் வேண்டாம். முதல் நாள் காய்ச்சலை, இப்போது இல்லை என்பதோடு சேர்த்து அரை வரியில் முடித்துவிடலாம்.

பார்வை மங்கலை விட்டுவிடலாமா? பலர் விட்டுவிடுகிறார்கள், அது கண் சம்பந்தப்பட்டது, காலுக்குச் சம்பந்தமில்லை என்று. ஆனால் பார்வை மங்கலான ஒருவர், தனியாக, சிரிஞ்சில் யூனிட் கோட்டைப் பார்த்து இன்சுலின் எடுக்க வேண்டும். பக்கத்தில் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. குறிப்பில் மூன்று வெவ்வேறு இடத்தில் இருக்கும் மூன்று தகவலை நீங்கள் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, ஆகவே மருந்தளவு தவற வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள் என்று எழுதினால் அது நல்ல நர்ஸ் எழுதிய கடிதம். ஓஇடி மதிப்பீட்டில் உள்ளடக்கத்துக்கும் சுருக்கத்துக்கும் தனித்தனி மதிப்பெண் இருப்பதன் பொருளே இதுதான். இப்படி எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் திறமை உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கொடுக்கிறீர்களே, தினமும் அதைத்தான் செய்கிறீர்கள்.

அதனால் பயிற்சியை அங்கேயே தொடங்குங்கள். ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கி, குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் வார்டு நோயாளியின் பெயரோ, ஊரோ, அடையாளம் தெரியும் எந்த விவரமோ அதில் வரக் கூடாது. கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்துவந்து பயிற்சி செய்யும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு கடிதம் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுத வேண்டும். திங்கட்கிழமை எழுதியதை நீங்களே திருத்துங்கள், தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள், புதன்கிழமை அதே கடிதத்தைப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். தினம் ஒரு புதுக் கடிதம் எழுதுகிறவர்கள் தினமும் அதே பிழைகளைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் தடவை எழுதும்போதுதான் கை மாறும்.

ஸ்பீக்கிங்கில் நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். இரண்டு உரையாடல். ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். எதிரில் நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை, ஒலிப்பதிவைக் கேட்டு வேறு இருவர் போடுகிறார்கள். அதனால் அவர் முகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். மொழிக்கு மட்டுமல்ல, நோயாளியிடம் பேசும் முறைக்கும் மதிப்பெண் இருக்கிறது: அவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டீர்களா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்த்தீர்களா.

நம் வார்டுகளில் பாசம் அதிகம், கேள்வி குறைவு. பாகூரிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ வரும் பெரியவர், 'இன்சுலின் ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதாமே' என்றால், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, போட்டுக்கோங்க' என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பயம் அப்படியே இருக்கிறது. தேர்வில் இப்படிப் பேசினால் மதிப்பெண் கிடைக்காது. இதற்கான பயிற்சியை ஆங்கிலத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் யோசனை. நாளைக்கு ட்யூட்டியில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். 'இன்சுலினைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க? யார் சொன்னாங்க? எது பயமா இருக்கு? நான் சொல்லட்டுமா? இப்ப நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்.' ஒரு வாரம் தமிழில் இது பழகிவிட்டால் ஆங்கிலத்தில் வார்த்தை மட்டும்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் நோயாளிகளுக்கும் நல்லது.

அந்த வார்த்தைகளுக்கு பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் இணையதளத்தைப் படியுங்கள், இலவசம். ஒவ்வொரு நோய்க்கும் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் கல்லூரியில் படித்தது டாக்டர்களின் ஆங்கிலம், நோயாளியிடம் பேச வேண்டியது இந்த ஆங்கிலம். வாரம் ஒரு நோயை எடுத்து, சத்தமாகப் படித்து, பிறகு பார்க்காமல் போனில் பதிவு செய்து, கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சொல் முடிவில் 'உ' ஒட்டிக்கொள்கிறதா, 'பெட்டு', 'டேப்லெட்டு' என்று. எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறீர்களா. நம் உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பது குற்றமே இல்லை, அதற்காக மதிப்பெண் குறைப்பதும் இல்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும், அது போதும். யூடியூப் பார்த்து வெள்ளைக்காரர் மாதிரி பேச முயற்சி செய்து இருக்கிற தெளிவையும் இழக்காதீர்கள்.

பேசிப் பழக ஆள் வேண்டும் என்று சிலர் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சுற்றுலாப் பயணிகளிடம் போய் நிற்கிறார்கள். அவர்கள் ஓய்வுக்கு வந்தவர்கள், அதில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியும் அல்ல. உங்கள் கேரளா தோழிகளில் ஒருவரும் ஓஇடிக்குத் தயாராகிறார் என்றால் அவர்தான் உங்களுக்குச் சரியான துணை. ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மதிய உணவு நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

லிசனிங்கிலும் ரீடிங்கிலும் நீங்கள் நன்றாகவே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லிசனிங்கில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் பஸ்ஸில் முக்கால் மணி நேரமாவது கிடைக்குமே, ஹெட்ஃபோனில் பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலப் பாடங்களைக் கேளுங்கள். அது காதைப் பழக்க மட்டும். வீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிட ஒலியை நிறுத்தி நிறுத்தி, சொல் சொல்லாக எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுவதுதான் உண்மையான பயிற்சி. எந்தச் சொற்கள் காதில் விழாமல் போகின்றன என்று அப்போது தெரியும். ரீடிங்கில் முதல் பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி. அங்கே படிக்கக் கூடாது, தேட வேண்டும். மருந்தளவு எங்கே, எந்தத் தாளில் என்று கண் ஓட வேண்டும். கடைசிப் பகுதியில் நீளமான இரண்டு கட்டுரைகளை நிதானமாகப் படித்து, எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று பிடிக்க வேண்டும். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை வாரம் இரண்டு நாள் படித்தால் இதற்கு உதவும்.

நைட் ட்யூட்டி வாரத்தில் புதிதாக எதையும் எழுத முயல வேண்டாம். தூக்கமில்லாமல் எழுதிய கடிதத்தில் பழைய பிழைகள் எல்லாம் திரும்ப வரும், மனமும் சோர்ந்துபோகும். அந்த வாரம் கேட்பதும் படிப்பதும் மட்டும். டே ட்யூட்டி வாரத்தில் தினம் ஒரு மணி நேரம், ஆஃப் நாளில் மூன்று மணி நேரம். உங்கள் நிலையிலிருந்து ரைட்டிங் ஒரு படி ஏற இந்த வேகத்தில் நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் ஆகும் என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் ஏஜென்ட் வருகிறார். இரண்டு மாதக் கெடு அவருடைய வசதிக்கு. உங்கள் தேர்வுத் தேதியை அவர் முடிவு செய்ய விடாதீர்கள். அவர் உங்களிடம் கட்டணம் கேட்கிறாரா என்றும் யோசியுங்கள். மருத்துவப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்குப் பிரிட்டன் அரசு வகுத்த நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்சி உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. நீங்கள் கடலூர்க்காரர் என்பதால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். 1978இலிருந்து இயங்குகிறது, நர்ஸ் வேலைகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

கோச்சிங் சென்டருக்கு மறுபடி போவதென்றால் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் எழுதும் கடிதத்தை யார் திருத்துவார், திருத்திய தாளை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து பேசுவாரா? ஆமாம் என்றால் ஒரு வகுப்பில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்கோர் கேரண்டி என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வு எழுதாமல் சர்டிஃபிகேட் என்று உங்கள் அண்ணனிடம் சொன்ன ஆளைப் பற்றி. வேண்டாம் சிஸ்டர், அந்தப் பேச்சையே வீட்டில் நிறுத்துங்கள். ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்களைக் கவுன்சில் நேரடியாக ஆன்லைனில் சரிபார்க்கும். பொய்யென்று தெரிந்தால் பணம் மட்டும் போகாது, பதிவு செய்யும் வாய்ப்பே போய்விடும், மோசடி வழக்கும் வரும். ஒருவேளை பிடிபடாமல் போய்ச் சேர்ந்தாலும், அங்கே போனபின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில் பேசித்தான் செய்ய வேண்டும். அதையும் தாண்டினால் இரவு வார்டில் நீங்கள் தனியாக இருக்கும்போது டாக்டர் போனில் ஒரு மருந்தளவைச் சொல்வார். அதைத் தவறாகக் கேட்டால் அனுபவிக்கப்போவது கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர். உங்கள் அண்ணன் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டிருப்பார். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஓஇடிக்குப் பதிவு செய்யும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், நர்ஸிங் கவுன்சில் பதிவில் வேறு மாதிரி இருக்கும். தேர்வுக்கு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயரைக் கொடுங்கள். மற்றவற்றில் வித்தியாசம் இருந்தால் திருத்தும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள், அதற்கே மாதக்கணக்காகலாம். தேர்வு சென்னையில் என்றால் முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள். நைட் ட்யூட்டி முடித்த கையோடு பஸ் ஏறிப் போய்த் தேர்வு எழுதாதீர்கள்.

மேலே சொன்ன 68 வயதுப் பெரியவருக்கான கடிதத்தை இந்த வாரம் எழுதுங்கள். நீங்களே திருத்திய முதல் பிரதியையும், இரண்டு நாள் கழித்து எழுதிய இரண்டாம் பிரதியையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பார்வை மங்கலைப் பற்றிய வாக்கியத்தை எந்தப் பத்தியில் வைத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். இரண்டையும் திருத்தி அனுப்புகிறேன்.